லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு என்ன வாங்கி வைக்கலாம்?

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில் இருக்கிறேன். மகளைக் கேரளாவில், புனலூரில் கொடுத்திருக்கிறோம். பேத்திக்குப் பத்து வயது, பேரனுக்கு ஆறு. கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் ரயிலேறி இங்கே வந்துவிடுவார்கள். இரண்டும் படு சூட்டிகை. போன தடவை பேத்தி, ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரப்பிவிட்டாள். சின்னவன் எறும்பு வரிசையைக் கண்டால் குளிக்கக்கூட வரமாட்டான். "எங்க ஊர்ல மழை கொட்டுறப்போ உங்க ஊர்ல ஏன் ஆச்சி வெயிலடிக்குது?" என்று போனில் கேட்கிறான். போன வருஷம் ஆயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து எரிமலை செய்யும் அறிவியல் பெட்டி ஒன்று வாங்கினேன். ஒரு சாயங்காலத்தோடு சரி. "எலுமிச்சம்பழம் பிழிஞ்சா பொங்குமா?" என்று பேத்தி கேட்பதற்குள் பாக்கெட் தீர்ந்துவிட்டது. இந்த வருஷம் மூவாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். மகள் டேப்லெட் என்கிறாள். மருமகன் ரோபோ கிட் என்கிறார். அதுவும் பேத்தி அரையாண்டில் முதல் ரேங்க் எடுத்தால்தான் என்கிறார். பக்கத்து வீட்டில் அபாகஸ் என்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் தெரியாமல் விழிக்கிறேன். எதை வாங்குவது, எதை விடுவது?
— ஓர் ஆச்சி, புளியரை

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. அந்த எலுமிச்சம்பழக் கேள்வியைத்தான் சொல்கிறேன். எரிமலைப் பெட்டியின் மேல் அட்டையிலேயே எரிமலை பொங்குகிற படம் இருந்திருக்கும். உள்ளே இருந்த பொடியைக் கொட்டி, கூட வந்த திரவத்தை ஊற்றினால் படத்தில் உள்ளபடி பொங்கும். அவ்வளவுதான். பிள்ளைகள் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் பேத்திக்குக் கேள்வி எழுந்தது அதற்கு அப்புறம். அந்த நேரம் பார்த்துப் பெட்டி காலி.

அந்தக் கேள்விக்கான சாமான் எல்லாம் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. பத்து ரூபாய்க்கு ஆப்பச் சோடா வாங்கி வையுங்கள். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், புளித்த மோர், வெறும் தண்ணீர் என்று நாலு டம்ளரில் வைத்துவிட்டு, எது அதிகம் பொங்கும் என்று முதலில் இரண்டு பேரையும் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் சோடாவை அவர்களே போடட்டும். புளிப்பு எதுவானாலும் ஆப்பச் சோடாவோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும். எவ்வளவு கிளம்பும் என்பதுதான் விளையாட்டு. இது போன வருஷத்துப் பாக்கி. இதைப் பரிசுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த வருஷத்துக்கு வருவோம். கடைக்குப் போனால் ஒன்றை மட்டும் பாருங்கள்: விடை பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிறதா, இல்லையா? அச்சடித்திருந்தால் அது ஒரு சாயங்காலத்துச் சரக்கு. கருவியாக இருந்து, எதைப் பார்ப்பது, எதைக் கழற்றுவது, எதை அளப்பது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கும்படி இருந்தால் அது பல வருஷம் ஓடும்.

பேத்திக்கு நான் சொல்வது ஸ்க்ரூ டிரைவர் செட். கலர் பிளாஸ்டிக்கில் வரும் விளையாட்டுச் செட்டைச் சொல்லவில்லை. ஹார்ட்வேர் கடையில் மெக்கானிக்குகள் வாங்குகிற நிஜச் செட். சின்னதும் பெரியதுமாக ஸ்டார் முனை, தட்டை முனை எல்லாம் இருக்க வேண்டும். கூடவே ஒரு நோஸ் பிளையர். ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். அப்புறம் காயலாங்கடைக்கு ஒரு நடை போய், ஓடாத சுவர்க் கடிகாரம் இரண்டு, பேட்டரியில் பாடிய பழைய ரேடியோ ஒன்று பேசி வாங்கி வையுங்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு ஆச்சி ஸ்க்ரூ டிரைவரா தருவது என்று யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். கடிகாரத்தைக் கழற்றியதற்காக அவள் போன தடவை திட்டு வாங்கியிருப்பாள். அந்த வேலைக்கான சாமானையே ஆச்சி கையில் கொடுக்கிறாள் என்றால் அந்தப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கடிகாரத்தின் பின்னால் உள்ள கறுப்புப் பெட்டியைத் திறந்தால் செம்புக் கம்பிச் சுருள், ஒரு பொடிக் காந்தம், வெள்ளைப் பல் சக்கரங்கள், ஒரு சின்ன சர்க்யூட் பலகை இருக்கும். அந்தப் பலகையில் அரிசிமணி அளவில் வெள்ளி நிற உருளை ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குள் இருப்பது குவார்ட்ஸ் படிகம். பெரும்பாலான கடிகாரங்களில் அது நொடிக்கு 32,768 தடவை அதிரும்படி செய்திருப்பார்கள். பேத்தியிடம் இந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, இதைப் பாதி, அதில் பாதி என்று குறைத்துக்கொண்டே போ, என்ன வருகிறது பார்ப்போம் என்று காகிதமும் பென்சிலும் கொடுங்கள். 16,384, 8,192, 4,096 என்று இறங்கி, பதினைந்தாவது தடவையில் 1-இல் வந்து நிற்கும். பலகையில் உள்ள சிப்பும் அதையேதான் செய்கிறது. பதினைந்து தடவை பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பாகச் சுருளுக்கு அனுப்புகிறது. நொடி முள் ஒரு துள்ளல் துள்ளுகிறது. இதை அவளே காகிதத்தில் கண்டுபிடித்துவிட்டால், நொடி முள் 60 சுற்று சுற்றினால் நிமிட முள் ஒரு சுற்று வருவதற்கு எந்தச் சக்கரத்தில் எத்தனை பல் வேண்டும் என்று தானே எண்ண ஆரம்பிப்பாள். திரும்ப மாட்டும்போது ஒரு சக்கரம் மிச்சம் விழும். விழட்டும், அதற்குத்தானே இரண்டு கடிகாரம்.

ஒரே ஒரு கண்டிப்பு வேண்டும். பேட்டரி செல்லில் ஓடுவதை மட்டும்தான் திறக்கலாம். சுவர் பிளக்கில் சொருகும் எதுவும் கூடாது. பழைய டியூப் டிவியிலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும். மொபைல் பேட்டரியில் ஸ்க்ரூ டிரைவர் குத்தினால் தீப்பிடிக்கும். இதைப் பெரிய மனுஷியிடம் சொல்வதுபோல் காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

சின்னவனுக்குப் பூதக்கண்ணாடி. அகலமான, பிடி வைத்த, மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியே ஆறு வயதுக்குச் சரி. அக்காவுக்கு, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் மடக்கு லென்ஸ், 10 மடங்கு காட்டுவது, ஒன்று கூடுதலாக வாங்கலாம். அதைப் பிடிக்கிற விதம் பலருக்குத் தெரியாது. கையை நீட்டி லென்ஸைத் தூரத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, பார்க்கிற பொருளை இரண்டரை சென்டிமீட்டர் வரை பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அப்போது வெண்டைப் பூவின் மகரந்தம், உப்புக் கல்லின் சதுர முகம், பத்து ரூபாய் நோட்டின் பொடி எழுத்து எல்லாம் தெளியும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு விஷயம்: லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. வெயிலில் பிடித்தால் காகிதம் எரியும் என்பதை நீங்களே பக்கத்தில் இருந்து ஒரு தடவை காட்டிவிடுங்கள், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு.

எறும்பு விஷயத்தில் அவனுக்கு ஒரு யோசனை மட்டும் கொடுங்கள். எறும்பு வரிசை போகிற தடத்தின் குறுக்கே விரலால் அழுத்தித் தேய்த்துவிடச் சொல்லுங்கள். வந்துகொண்டிருந்த எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறி நிற்கும், சுற்றும், கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு தாண்டிப் போகும், மறுபடி வரிசை சேரும். தரையில் அவை வாசனைத் தடம் போட்டுப் போவதால்தான் இது நடக்கிறது. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "ஏன் நின்னுச்சு?" என்று அவனே கேட்பான். "எனக்கும் தெரியலையே, வேற எதை வச்சுத் தேய்க்கலாம்?" என்று கேளுங்கள். தண்ணீர், கோலமாவு, மஞ்சள்தூள் என்று அவன் அடுப்படிக்கும் வாசலுக்கும் அலைவான். கடிக்கிற சிவப்பெறும்பாக இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு என்று வருத்தப்பட்டிருந்தீர்களே, அதற்கும் இதுதான் பதில். 2011-இல் எலிசபெத் போனவிட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு புது விளையாட்டுச் சாமான். அதில் ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும், இன்னொன்றுக்குள் கண்ணாடி ஒளிந்திருக்கும், வேறு சில வேலைகளும் உண்டு. பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு, "இது எப்படி வேலை செய்யும் என்று காட்டுகிறேன் பார்" என்று பெரியவர் ஒருவர் கீச்சுச் சத்தத்தை மட்டும் செய்து காட்டினார். வேறு சிலருக்கு அவர் தெரியாமல் இழுத்ததுபோல இழுத்து, "அட, சத்தம் வருதே!" என்றார். சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அந்த ஒரு வேலையையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் அதிக நேரம் விளையாடி, ஒளிந்திருந்த மற்ற வேலைகளையும் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். எல்லாம் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிவிட்டால், பிள்ளை இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை போல என்று எடுத்துக்கொள்கிறது. "அட" என்று சொல்கிற ஆச்சி பக்கத்தில் இருப்பது பிள்ளைக்கு லாபம். நீங்கள் விழிப்பதை நிறுத்த வேண்டாம். விழித்துவிட்டு, "வா, பார்ப்போம்" என்று கூடப் போனால் போதும்.

அடுத்தது மழை. உங்கள் பேரன் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. அதைக் கேட்பதற்கு உங்கள் குடும்பத்தைப் போல மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்க வேண்டும். இதற்கு நான் சொல்லும் பரிசு இரண்டு மழைமானி. ஒன்று புனலூருக்கு, ஒன்று புளியரைக்கு. பிளாஸ்டிக்கில் கோடு போட்டு விற்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் பிள்ளைகளை வைத்தே செய்யலாம், அதில்தான் சுவாரசியம் அதிகம். பக்கம் நேராக இருக்கிற இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்து, தோள் வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல் பாகத்தைக் கவிழ்த்துப் புனல்போல் உள்ளே செருகுங்கள். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, அடிப்பாகத்தின் நெளிவு மறைகிற மட்டும் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மேலே ஸ்கேல் ஒன்றை நிமிர்த்தி ஒட்டினால் மழைமானி தயார். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், சாயாமல் இருக்கச் செங்கல் நடுவே வையுங்கள். தினமும் காலை 8.30-க்குப் பாருங்கள், இந்திய வானிலைத் துறையும் ஒரு நாளின் மழையைக் கணக்கெடுப்பது அந்த நேரத்தில்தான். பார்த்து எழுதியதும் தண்ணீரை மறுபடி பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

லீவு முடிந்து அவர்கள் போன பிறகும் இது நிற்காது. அவர்கள் அங்கே எழுதுவார்கள், நீங்கள் இங்கே எழுதுவீர்கள், போனில் ஒப்பிடுவீர்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தூறலில் இந்தப் பக்கமும் கொஞ்சம் சேரும். ஜூனில் தென்மேற்குக் காற்று வந்ததும் பாருங்கள், புனலூர் நோட்டில் எண்கள் எகிறும். காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன். அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலேறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து மழையை அங்கேயே கொட்டுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகிறது, மேகம் கரைகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து வருவதுதான் நமக்குக் கிடைக்கும் சாரல். குற்றாலத்துச் சீசனும் அந்தக் காற்றின் உபயம்தான். ஓர் ஆறு மாசக் கணக்கு கையில் சேர்ந்த பிறகு, பேரன் மறுபடி கேட்டால் அப்போது சொல்லுங்கள். அதற்குள் அக்கா கண்டுபிடித்திருக்கவும் வாய்ப்புண்டு.

கணக்குப் பிடிக்கும் பேத்திக்கு இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பத்தடிக்குப் பத்தடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் கிட்டத்தட்ட 93 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஆறு குடத்துக்கு மேல். உங்கள் மாடியை அவளே டேப் வைத்து அளந்து, எத்தனை குடம் சாக்கடைக்குப் போகிறது என்று உங்களிடம் சண்டைக்கு வரட்டும்.

மற்றவர்கள் சொன்னதையும் பார்த்துவிடுவோம். டேப்லெட் வாங்குவதும் வாங்காததும் தினமும் பிள்ளைகளோடு இருக்கிற பெற்றோரின் முடிவு. எத்தனை மணி நேரம், எதைப் பார்ப்பது என்று கட்டுப்படுத்தப் போகிறவர்கள் அவர்கள்தான். உங்கள் மூவாயிரத்தில் அது வேண்டாம். அபாகஸ் கெட்டதில்லை, ஆனால் அது வகுப்பு. லீவில் இன்னொரு வகுப்பு எதற்கு? ரோபோ கிட்டை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம். கடிகாரத்தையும் ரேடியோவையும் பிரித்துப் பழகிய கை அதை அப்போது இன்னும் நன்றாகக் கையாளும்.

ரேங்க் வந்தால்தான் பரிசு என்பதை மட்டும் மருமகனிடம் பக்குவமாகப் பேசி மாற்றிவிடுங்கள். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் ஒரு பாலர் பள்ளியில் செய்த சோதனை உளவியல் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தும் விட்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. தானாக நோண்டுகிற பிள்ளையின் நோண்டலைக் கூலி வேலை ஆக்கிவிடக் கூடாது. ரேங்குக்கு அவர் தனியாக என்ன வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளட்டும். ஆச்சி கொடுப்பது பேத்தி என்பதற்காக.

புத்தகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பேத்தி பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமும் படிப்பாள், தமிழ் பேச்சில் மட்டும் இருக்கும். அதற்காக அனா ஆவன்னா அட்டைப் புத்தகம் வாங்கி நீட்டாதீர்கள். 32,768-ஐப் பாதியாக்குகிற பிள்ளைக்கு அது அவமானமாக இருக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழுக்கு உங்கள் வீட்டு முகவரியில் சந்தா கட்டுங்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970 முதல் நடத்திவரும் 'யுரீகா' மலையாள இதழைப் புனலூர் வீட்டுக்குக் கட்டச் சொல்லி மகளிடம் சொல்லலாம். துளிரை நீங்கள் சத்தமாகப் படியுங்கள், அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும். கொஞ்ச நாளில் நீங்கள் படிக்கிற வேகம் போதாமல் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடுவாள்.

காசில்லாத ஒன்று: ஆடுபுலி ஆட்டம். திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டால் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு. இதில் நீங்கள்தான் பெரிய ஆள், பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்து ஆட வேண்டாம். எத்தனை ஆடு வெட்டுப்பட்ட பிறகு புலியை அடைக்கவே முடியாமல் போகிறது என்று பேத்தியைக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். சின்னவனுக்குப் பல்லாங்குழி, புளியங்கொட்டை எண்ணியே கூட்டலும் வகுத்தலும் வந்துவிடும்.

சபரிமலை சீசனில் குற்றாலத்துக் கடைகளில் பிளாஸ்டிக் பைனாகுலர் தொங்கும். சின்னவன் கேட்பான். அதில் வயல் கொக்கு வெறுங்கண்ணில் தெரிவதைவிட மங்கலாகத்தான் தெரியும். நல்லது வாங்கப் பணம் அதிகம் ஆகும், இப்போதைக்கு வேண்டாம். 450 மடங்கு என்று அட்டையில் போட்டிருக்கும் சின்னத் தொலைநோக்கியையும் நம்பாதீர்கள். முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்குதான் பயனுள்ள உச்ச அளவு. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 100 மடங்கு. அதற்கு மேல் போனால் நிலா பெரிய கலங்கலாகத்தான் தெரியும்.

கடையில் பொம்மை எது வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள்; 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பட்டன் செல் போட்ட சாமானில் செல் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். அந்தச் செல்லை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மணி மணியாக வரும் பலமான காந்தக் குண்டு செட் ஆறு வயதுப் பையன் இருக்கிற வீட்டுக்கு வரவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். இப்படி எதுவும் நடந்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து வைக்காதீர்கள். வந்ததும் ஆளுக்கு ஒன்று: அவளுக்கு ஸ்க்ரூ டிரைவர், அவனுக்குப் பூதக்கண்ணாடி. மழைமானியை நாலைந்து நாள் கழித்துச் செய்யலாம். ஒரே மாதிரி இரண்டு வாங்கவில்லையே என்று சண்டை வந்தால் வரட்டும், மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் வாங்கிய பிறகு உங்கள் மூவாயிரத்தில் ஆயிரத்தைச் சுற்றி மிஞ்சும். அதை இப்போது செலவழிக்க வேண்டாம். ரேடியோவைப் பிரித்த இரண்டாம் நாள் பேத்திக்கு ஏதாவது தேவைப்படும். அப்போது அவளையே பட்டியல் எழுதச் சொல்லி, செங்கோட்டையில் ஏதாவது ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் கடைக்குக் கூட்டிப் போங்கள். செல் வைக்கும் ஹோல்டர், மூன்று வோல்ட் மோட்டார், சின்ன எல்இடி பல்பு, சுவிட்ச், ஒயர். கடைக்காரரிடம் அவளே பேசி வாங்கட்டும், நீங்கள் காசு மட்டும் கொடுங்கள். கிறிஸ்துமஸ் சமயம் என்பதால் சீரியல் செட் வேண்டுமா என்று கேட்பார். அது வீட்டுக் கரண்டில் ஓடுவது, அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.